நாட்டை விட்டுப் போன அரசியல்வாதியின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: எர்ன்ஸ்ட் ரொய்ட்டரை வைத்துச் சில குறிப்புகள்

பேர்லினில் எர்ன்ஸ்ட் ரொய்ட்டர் சதுக்கம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதன் கீழே அதே பெயரில் ஒரு சுரங்க ரயில் நிலையம். நான் இந்த ஊருக்கு வந்தது 1984 மாசியில். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்திராஸவில் ரயில் மாறி மேற்குப் பக்கம் வந்த எத்தனையோ யாழ்ப்பாணத்துப் பெடியன்களில் நானும் ஒருவன். வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் இரவில் தரை துடைத்தேன். ரொய்ட்டர் என்ற பெயரைத் தினமும் வாசித்தேன், யாரென்று ஒருவரையும் கேட்டதில்லை. கடைசியில் என்னோடு வேலை செய்த துருக்கிக்காரர்தான் ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்: "அந்த மனுசன் எங்கட அங்காராவில பதினொரு வருசம் இருந்தவர், தெரியுமா? துருக்கியிலதான் படிப்பிச்சவர்."

ஜேர்மனியை விட்டு ஓடிய ஒருவரைப் பற்றி ஒரு துருக்கிக்காரர் இலங்கைக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியிருந்தது. அன்று தொடங்கியது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் நாலு பேர் பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஹிட்லரின் காலத்தில் நாட்டை விட்டுப்போன ஒரு சமூக சனநாயகக் கட்சிக்காரரின் வாழ்க்கையைத் தமிழில் பத்துப் பக்கத்தில் எழுதவேண்டும். அப்போது அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு பட்டுத் தெளிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஆளைத் தெரிவு செய்தல்

பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்டது, பிற்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் பிரதமரான வில்லி பிராண்டை. நியாயம்தான். லூபெக்கில் 1913இல் ஹெர்பர்ட் ஃபிராம் என்று பிறந்தவர், தலைமறைவுக்காக வைத்த பெயரையே பிறகு சொந்தப் பெயராக்கிக்கொண்டு, 1933இல் நோர்வேக்கும் 1940இல் சுவீடனுக்கும் போனவர். ஆனால் அவரைப் பற்றி எழுதப்பட்டவை மலையளவு. தொடக்கக்காரர் அதில் மூச்சுத் திணறிப்போவார்.

ருடோல்ஃப் ஹில்ஃபர்டிங்கை எடுக்கலாமா என்று ஒரு பெடியன் கேட்டான். இரண்டு தடவை நிதியமைச்சராக இருந்த பொருளியல் அறிஞர். பிரான்சில் பிடிபட்டு ஜேர்மன் இரகசியப் பொலிசிடம் கையளிக்கப்பட்டு, 1941 மாசியில் பாரிஸ் சிறையில் இறந்தார். கூடவே பிடிபட்ட ருடோல்ஃப் பிரைட்ஷைட், 1944 ஓகஸ்டில் புக்கென்வால்ட் முகாமின் மேல் விழுந்த விமானக் குண்டுவீச்சில் இறந்தார். அந்தக் கதைகளை யாராவது எழுதத்தான் வேண்டும். ஆனால் முதல் முயற்சிக்கு அவை வேண்டாம் என்றேன். முடிவு அவ்வளவு கொடியதாக இருக்கும்போது எழுதுகிறவருடைய கை தானாகவே முடிவை நோக்கி ஓடும். நடுவில் மனிதர் என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடிதம் போட்டார், எந்தக் கந்தோர் வாசலில் நின்றார் என்பதெல்லாம் உதிர்ந்துபோகும்.

ரொய்ட்டர் பொருத்தமானவர், ஏனென்றால் அவர் வெளிநாட்டில் வேலை செய்தார். சம்பளம் வாங்கினார். புதிய மொழி படித்தார். பிறகு வந்து பேர்லினின் மேயரானார். சதுக்கத்தின் பெயர்ப்பலகைக்கு அந்த மேயர் போதும். உங்களுக்கு நடுவில் உள்ள பதினொரு வருடம் வேண்டும்.

பெயர்களின் பட்டியல்

கொப்பியின் முதல் பக்கத்தை இதற்கென்றே விடுங்கள். நாடு மாறினவர்களுக்குப் பெயர் ஒன்றாக இருப்பதில்லை. அவர்கள் வாழ்ந்த ஊர்களுக்கும் அப்படித்தான்.

ரொய்ட்டர் பிறந்தது 1889 யூலை 29, அப்பன்ராட என்ற ஊரில். அப்போது அது ஜேர்மன் பேரரசுக்குள். 1920இல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு டென்மார்க்குக்குப் போனது. இன்றைய வரைபடத்தில் ஓபன்ரா என்று தேடவேண்டும். முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, அங்கே ரஷ்ய மொழி படித்து, புரட்சிக்குப் பிறகு 1918இல் வோல்கா ஆற்றுப் பக்கம் குடியிருந்த ஜேர்மனியர்களுக்கான ஆணையராக சரட்டோவில் இருந்தார். ஜேர்மனிக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்த காலத்தில் அவருடைய பெயர் ஃபிரீஸ்லண்ட். 1922இல் அந்தக் கட்சி அவரை விலக்கியது. சுற்றி வளைத்துப் பழைய சமூக சனநாயகக் கட்சிக்கே வந்துசேர்ந்தார். அந்த ஆண்டுகளின் ஆவணங்களில் ரொய்ட்டர் என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது.

தமிழில் தேடினால் இன்னொரு தொல்லை. ரொய்ட்டர், ராய்ட்டர், ராய்டர் என்று எப்படி எழுதினாலும் செய்தி நிறுவனம்தான் வரும். இருவருக்கும் தொடர்பில்லை. அதை நிறுவியவரும் ஜேர்மனியில் பிறந்த ஒரு ரொய்ட்டர்தான் என்பதால் குழப்பம் கூடும். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை முதல் வாரம் முழுக்க அந்த ஆளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தாள்.

துருக்கியிலும் இதே கதை. நல்ல செய்தி என்னவென்றால் துருக்கி 1928இலேயே அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. ரொய்ட்டர் போய்ச் சேர்ந்தது 1935. ஆகவே அவர் காலத்து அச்சுத்தாள்களை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கலாம். கெட்ட செய்தி: குடும்பப்பெயர்ச் சட்டம் அமுலுக்கு வந்ததும் அதே 1935இல்தான். அதற்கு முன் ஒரு பெயரில் இருந்த அமைச்சர் அடுத்த ஆண்டு வேறு பெயரில் வருவார், நீங்கள் அதை இரண்டு பேர் என்று நினைப்பீர்கள். அமைச்சு என்பதற்கான சொல்லைக்கூட அவர்கள் அந்தக் காலத்தில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெக்காலெத் என்றிருந்தது பக்கான்லிக் ஆனது. ரொய்ட்டர் படிப்பித்த கல்லூரி இஸ்தான்புல்லில் முல்கியே என்ற பெயரில் இருந்து, அரசியல் அறிவுப் பள்ளி என்று பெயர் மாறி, 1936இல் அங்காராவுக்கு இடமும் மாறி, 1950இல் அங்காரா பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமானது. பழைய மாணவர்கள் இன்னும் முல்கியே என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

மூன்று பத்தி போட்ட தாள்

இதுதான் என் முறையின் உயிர். ஒரு பெரிய கடதாசியில் மேலிருந்து கீழாகக் கோடு கிழித்து மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் திகதி. இரண்டாவதில் இடம். மூன்றாவதில், யாருடைய அனுமதியில் அங்கே இருந்தார்.

மூன்றாவது பத்தி யாருக்கும் தோன்றாது. எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் மேசை லாச்சிக்குள் இன்னும் கிடக்கும் கடதாசிகள். ஆறு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று முத்திரை குத்திய "டுல்டுங்" தாள்கள். டுல்டுங் என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். உன்னை இருக்கச் சொல்லவில்லை, இப்போதைக்கு அனுப்பவில்லை. அந்தத் தாளோடு சில வருடம் வாழ்ந்த ஒருவர் பிறருடைய வாழ்க்கையை வாசிக்கும்போது முதலில் பார்ப்பது, இந்த ஆள் எந்தத் தாளில் நின்றார் என்பதைத்தான்.

ரொய்ட்டருக்கு நிரப்பிப் பார்ப்போம்.

1926 முதல் பேர்லின் மாநகரின் போக்குவரத்துப் பொறுப்பாளர். நகரத்தின் ட்ராம், பஸ், சுரங்க ரயில் எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தவர். அப்படிப் பிறந்த பிவிஜி இன்றும் ஓடுகிறது. 1931இல் மாக்டபுர்க் நகர மேயர். 1932இல் ரைஷ்ஸ்டாக் என்ற ஜேர்மன் பாராளுமன்றத்தின் உறுப்பினர். இது வரை மூன்றாவது பத்தியில் எழுத எதுவும் இல்லை, சொந்த நாடு.

1933 மார்ச்சில் நாசிகள் அவரை மேயர் பதவியிலிருந்து துரத்தினார்கள். அந்த மாதம் 23ஆம் திகதி ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுக்கும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது அவருடைய கட்சி மட்டும், 94 வாக்கு. யூனில் கைது செய்யப்பட்டு லிஷ்டன்புர்க் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். எல்ப ஆற்றங்கரையில் பிரெற்றின் என்ற சிறிய ஊரில் உள்ள பழைய கோட்டை அது. 1934 தொடக்கத்தில் விட்டார்கள். நடுவில் மீண்டும் பிடித்து அதே கோட்டை. புரட்டாதியில் விட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முகாமைப் பற்றி எழுதும்போது பிள்ளைகள் எல்லோரும் உரைநடையை உயர்த்திவிட்டார்கள். "இருள் சூழ்ந்த", "கொடுங்கோன்மையின் கோரப்பிடியில்". வெட்டச் சொன்னேன். இரண்டு தடவை பிடித்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதும். முதல் தடவை விட்டதும் ஏன் ஓடவில்லை என்ற கேள்வி வாசகருக்குத் தானாக வரும். அந்தக் கேள்விக்கு நீங்கள் மறுமொழி சொல்லத் தேவையில்லை. 1983 ஆடிக்குப் பிறகும் ஊரில் நின்ற எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள்.

1935 தை மாதம் ஒல்லாந்து வழியாக இங்கிலாந்து. எலிசபெத் ஹவார்ட் என்ற, குவேக்கர் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண் அவருக்காக அலைந்தவர். மூன்றாவது பத்தியில் அவருடைய பெயரை எழுதுங்கள். அனுமதி எப்போதும் அரசிடமிருந்து வருவதில்லை; யாரோ ஒருவர் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதித்தான் அரசு அசைகிறது. எங்கள் காலத்தில் அப்படி ஒரு பாதிரியார் இருந்தார்.

1935 யூன். அங்காரா. மூன்றாவது பத்தி: துருக்கிப் பொருளாதார அமைச்சின் ஒப்பந்தம். கட்டண நிபுணர் வேலை. ரயிலில் ஒரு தொன் நிலக்கரி கொண்டுபோக எவ்வளவு, துறைமுகத்தில் எவ்வளவு என்ற மாதிரிக் கணக்கு. ஒரு நகரத்தையே நடத்தியவர் விலைப்பட்டியல் போட உட்கார்ந்தார். இந்த வரியில் பரிதாபம் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். பேர்லினில் பயணச்சீட்டுக் கட்டணத்தை ஒன்றாக்கியவருக்கு அது தெரிந்த தொழில். பொறியியல் படித்துவிட்டு இங்கே கோப்பை கழுவிய எங்கள் பெடியன்களோடு ஒப்பிட்டால், ரொய்ட்டர் கொடுத்து வைத்தவர்.

அங்காராவில் நீளமாக நிற்கவும்

பத்துப் பக்கம் எழுதினால் ஐந்து பக்கம் இங்கே போகட்டும்.

அந்த ஊரை முதலில் கண்ணுக்குள் கொண்டுவாருங்கள். 1923இல்தான் அது தலைநகரானது. கோட்டையைச் சுற்றிய பழைய ஊருக்குக் கீழே, புதிதாக வரைந்த வீதிகளும் அமைச்சுக் கட்டடங்களும். அந்த நகரத்தின் திட்டத்தை வரைந்தவரே பேர்லின்காரர், ஹெர்மன் யான்சன். 1933இல் துருக்கி ஜனாதிபதி அத்தாதுர்க், இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்தியபோது, ஹிட்லர் வேலையிலிருந்து துரத்திய பேராசிரியர்களைத் துருக்கி வரவேற்றது. ஆகவே அங்கே ஒரு கூட்டமே இருந்தது. ரொய்ட்டரின் கட்சிக்காரரான வேளாண்மை நிபுணர் ஃபிரிட்ஸ் பாட, இஸ்தான்புல்லில் பொருளியலாளர் கெர்ஹார்ட் கெஸ்லர், அங்காராவில் நாடகத்துக்கு கார்ல் ஏபர்ட், குழந்தை மருத்துவத்துக்கு அல்பர்ட் எக்ஸ்டைன். பேர்லினின் கட்டடப் பொறுப்பாளராக இருந்த மார்ட்டின் வாக்னர் சில வருடம் இஸ்தான்புல்லில் இருந்துவிட்டு ஹார்வர்டுக்குப் போனார். கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1938இல் இஸ்தான்புல்லிலேயே இறந்து அங்கேயே அடக்கமானார்.

இவர்கள் எல்லோரையும் உள்ளே இழுக்காதீர்கள். நான் இழுத்தேன், என் முதல் வரைவு தொலைபேசிப் புத்தகம்போல இருந்தது. உங்கள் ஆளோடு மேசையில் உட்கார்ந்த இரண்டு பேர் போதும்.

துருக்கி அரசு இவர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தங்களில் பொதுவாக இரண்டு விடயம் இருந்தது. சில வருடத்துக்குள் துருக்கி மொழி படித்து அதில் பாடம் நடத்தவும் பாடநூல் எழுதவும் வேண்டும். அரசியல் செய்யக்கூடாது. பேராசிரியர்கள் பலர் முதலாவதை இழுத்தடித்தார்கள், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். ரொய்ட்டர் படித்தார். சிறைப்பட்டபோது ரஷ்யனைப் பிடித்துக்கொண்ட மனிதருக்கு இது பழகிய வழி. 1938இல் முல்கியேயில் நகரத் திட்டமும் உள்ளூராட்சியும் கற்பிக்கத் தொடங்கினார், துருக்கி மொழியிலேயே. 1940இல் அவருடைய பாடநூல் அந்த மொழியில் வெளியானது. அவரிடம் படித்த ஃபெஹ்மி யாவுஸ் பிறகு அதே துறையைத் தொடர்ந்தார். மாவட்டங்களை ஆளப்போகும் இளைஞர்கள் படித்த கல்லூரி அது. குடிநீர், சாக்கடை, வீடு, நகரசபையின் வரி என்று ஒரு ஜேர்மன்காரர் அவர்களுடைய மொழியில் சொல்லிக்கொடுத்தார்.

இதை எழுதும்போது மொழி படித்தார் என்ற இரண்டு சொல்லோடு தாண்டிப் போகாதீர்கள். ரொய்ட்டருக்கு அங்கே போகும்போது வயது 45. நான் ஜேர்மன் படித்தது 24 வயதில். அதிலேயே ஆண்பால் பெண்பால் அஃறிணைச் சுட்டெழுத்துகள் என் உயிரை வாங்கின, இன்னும் கரண்டிக்கும் முள்ளுக்கும் மாறிச் சொல்கிறேன். துருக்கி மொழி எங்கள் தமிழ்போல விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டு போகும், வினை கடைசியில் வரும். ஜேர்மன்காரருக்கு அது தலைகீழ்.

வீட்டையும் மறக்காதீர்கள். மனைவி ஹன்னா, 1928இல் பிறந்த மகன் எட்சார்ட். ஏழு வயதில் அங்காராவுக்குப் போன பையன் அங்கேயே வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியேறினான். பிற்காலத்தில் டைம்லர் பென்ஸின் தலைவரானார். முதல் திருமணத்து மகன் ஹாரி இங்கிலாந்தில் கணிதப் பேராசிரியரானார். ஒரு அப்பனின் இரண்டு மகன்கள் இரண்டு நாட்டில், இரண்டு மொழியில். எங்கள் குடும்பங்களில் கனடாவில் ஒன்று, பிரான்சில் ஒன்று என்று இருப்பதைப்போல. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் நான் விளக்கவேண்டி வரவில்லை.

அரசியல் செய்யக்கூடாது என்றால்

இரண்டாவது நிபந்தனைதான் எழுதுவதற்குக் கடினம். அரசியல்வாதி ஒருவர் அரசியல் பேசாத எட்டு வருடத்தை எப்படி எழுதுவது?

கட்சியின் தலைமை வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டோ வெல்ஸும் மற்றவர்களும் பிராக்கில் இருந்து நடத்தினார்கள். 1938இல் பாரிசுக்கு, 1940க்குப் பிறகு லண்டனுக்கு. ஜேர்மனிக்குள்ளிருந்து கிடைத்த தகவல்களைத் தொகுத்து 1934 முதல் 1940 வரை அவர்கள் வெளியிட்ட அறிக்கைகள் இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. கடையில் என்ன விலை, தொழிற்சாலையில் என்ன முணுமுணுப்பு என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். ஆனால் அங்காரா அந்தப் பாதையில் இல்லை. ரொய்ட்டர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் முடிந்தது.

கடிதங்களை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். போர்க்காலக் கடிதம் எதுவும் பெறுபவருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. வழியில் திறந்து பார்ப்பவரும் வாசகர்தான். காலநிலையைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தால் அது வெறும் காலநிலையாக இல்லாமலும் இருக்கலாம், வெறும் காலநிலையாகவும் இருக்கலாம். ஊகத்தை உண்மைபோல எழுதிவிடாதீர்கள்.

1943 மார்ச்சில், ஸ்டாலின்கிராட் சண்டையில் ஜேர்மன் படை தோற்ற கையோடு, அமெரிக்காவில் இருந்த எழுத்தாளர் தோமஸ் மானுக்கு ரொய்ட்டர் கடிதம் எழுதினார். வெளியே சிதறியிருக்கும் ஜேர்மனியர்களின் குரலாக நீங்கள் முன்னால் வாருங்கள் என்ற வேண்டுகோள். அப்படி ஒரு கூட்டுக் குரல் எழவில்லை. அதே ஆண்டு கெஸ்லர் முதலியவர்களோடு சேர்ந்து துருக்கியிலேயே ஒரு சிறு விடுதலைக் குழுவைத் தொடங்கினார். எத்தனையோ பேர் இதை வீண்முயற்சி என்று ஒரு வரியில் தள்ளுவார்கள். நான் இதற்கு ஒரு பக்கம் கொடுப்பேன். அதே ஊரில் ஹிட்லரின் தூதுவர் ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பன் 1939 முதல் உட்கார்ந்திருந்தார். சின்ன ஊர். ஒரே கடைத்தெரு.

1944 ஓகஸ்ட் 2ஆம் திகதி துருக்கி ஜேர்மனியோடு உறவை முறித்தது. ஜேர்மன் குடிகள் பலர் யோஸ்கட், கிர்ஷெஹிர், சோரும் என்ற உள்நாட்டு ஊர்களில் தடுத்து வைக்கப்பட்டார்கள். நாசியா, நாசிக்குத் தப்பி வந்தவரா என்று கடவுச்சீட்டு சொல்லாது. குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் தாளில் நாடற்றவர் என்பதற்கான ஜேர்மன் சொல்லை எழுதி எழுதி, "ஹைமட்லோஸ்" என்று அது துருக்கி மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. நீங்கள் எழுதுபவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஆளுக்கு ஆள் தனியாகப் பாருங்கள். ஊர்ப் பொதுக்கதையை அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

குடியுரிமை பறிப்பைத் தேட ஒரு வழி: ஹிட்லரின் ஆட்சி தன் அரசு நாளிதழில் பெயர்ப்பட்டியல் வெளியிட்டது. முதலாவது 1933 ஓகஸ்டில், 33 பேர். சமூக சனநாயகக் கட்சித் தலைவர்களான ஷைடமன், வெல்ஸ், பிரைட்ஷைட் எல்லோரும் அதில். கடைசிவரை 359 பட்டியல்கள், ஏறக்குறைய 39,000 பெயர்கள். உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா, எந்தத் திகதியில் என்று பார்த்து மூன்றாவது பத்தியில் குறியுங்கள்.

எங்கே தேடுவது

சமூக சனநாயக இயக்கத்தின் ஆவணங்களுக்கு பொன் நகரில் ஃபிரீட்ரிக் ஏபர்ட் அறக்கட்டளையின் ஆவணக்காப்பகம். நாடு நீங்கியவர்கள் எல்லோருக்குமாக ஃபிராங்ஃபுர்ட்டில் தேசிய நூலகத்தின் ஓர் பகுதி. ரொய்ட்டரின் சொந்தக் காகிதங்கள் பேர்லின் மாநில ஆவணக்காப்பகத்தில், ரைனிக்கன்டோர்ஃபில். அவருடைய எழுத்தும் பேச்சும் கடிதங்களும் நாலு பெரிய தொகுதிகளாக அச்சில் இருக்கின்றன. நூலகத்திலேயே எடுக்கலாம், முதலில் அதை முடியுங்கள்.

காப்பகத்துக்குப் போகும்போது பென்சில் கொண்டுபோங்கள், பேனையை உள்ளே விடமாட்டார்கள். பையையும் கோட்டையும் பெட்டியில் பூட்டவேண்டும், ஒரு யூரோக் குற்றி வைத்திருந்தால் நல்லது. வேண்டிய கோப்புகளை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். என்ன ஆராய்ச்சி என்று படிவத்தில் கேட்பார்கள். நான் "தனிப்பட்ட ஆர்வம்" என்று எழுதினேன், ஒரு பிரச்சினையும் இல்லை. பழைய ஜேர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் தட்டச்சுக் கடிதங்களில் இருந்து தொடங்குங்கள்.

யார் எழுதியது என்று பார்த்து நிறுக்கவும் வேண்டும். ரொய்ட்டரின் பெரிய வாழ்க்கை வரலாறு 1957இல் வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் வில்லி பிராண்ட். அதே ஆண்டுதான் அவர் பேர்லினின் மேயராகிறார். தன் முன்னோடியைப் பற்றி எழுதும் வாரிசு. பொய் சொல்வார் என்று நான் சொல்லவில்லை. எதை நீளமாகச் சொல்கிறார், எதைச் சுருக்குகிறார் என்று பாருங்கள். மகன் எட்சார்டும் நினைவுகள் எழுதியிருக்கிறார். அப்பாவைப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளையின் கண். வீட்டின் வாசனைக்கு அதை எடுங்கள், திகதிக்கு வேறு இடம் பாருங்கள்.

தமிழில் என்ன சொல்வது

எங்கள் வகுப்பில் ஒரு முழுச் சனிக்கிழமை இதிலேயே போனது. நாடுகடத்தப்பட்டவர் என்று எழுதினான் ஒருவன். பிழை. யாரும் ரொய்ட்டரைக் கப்பலேற்றி அனுப்பவில்லை, அவராகப் போனார், போகாவிட்டால் மூன்றாம் தடவை கோட்டை. புலம்பெயர்ந்தவர் என்றால் வேலை தேடிப் போனவருக்கும் அதே சொல். அகதி என்றால் எங்களுக்கு முகாமும் வரிசையும் கண்ணுக்கு வரும். ரொய்ட்டர் அமைச்சில் சம்பளம் வாங்கியவர். வனவாசம் என்று ஒரு பிள்ளை எழுதினாள், அழகாக இருந்தது, ஆனால் பதினாலு வருடம் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிய வனவாசம் அது. இவருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை. கடைசியில் "நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தவர்" என்று முதல் தடவை நீளமாக எழுதி, பிறகு அவர் என்று மட்டும் சொல்லி ஓட்டினோம். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் ஒரு சொல்லைப் போடமுதல் அது உங்கள் ஆளுக்குப் பொருந்துகிறதா என்று மூன்றாவது பத்தியோடு ஒத்துப்பாருங்கள்.

போர் முடிந்த பிறகு

1945 மே மாதம் ஹிட்லரின் ஜேர்மனி விழுந்தது. அடுத்த வரியில் "ரொய்ட்டர் நாடு திரும்பினார்" என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். ஆனால் அவர் அங்காராவை விட்டுப் புறப்பட்டது 1946 நவம்பரில். பதினெட்டு மாதம் நடுவில் கிடக்கிறது.

வெற்றி பெற்ற நாலு வல்லரசுகளின் கையில் இருந்தது வாசல். அவர்களுடைய அனுமதியும் பயணத்தாளும் இல்லாமல் சொந்த நாட்டுக்குள் காலடி வைக்க முடியாது. ஹிட்லரிடமிருந்து தப்பியவர் இப்போது ஹிட்லரைத் தோற்கடித்தவர்களிடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டு நின்றார். அதே கட்சியின் வில்ஹெல்ம் ஹோக்னரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சுவிட்சர்லாந்தில் இருந்தவர், 1945 யூனிலேயே மியூனிக் வந்துவிட்டார், செப்டெம்பரில் பவேரியாவின் பிரதமர். எல்லைக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் அங்காராவில் இருந்தவருக்கும் அவ்வளவு வித்தியாசம். இந்தப் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்தது ஒரு பக்கம் கொடுங்கள். காத்திருப்பதில் எழுத என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் லாச்சியைத் திறந்து தாள்களைக் காட்டினேன்.

வந்ததற்குப் பிறகு கதை வேகமாக ஓடும், ஓட விடுங்கள். மீண்டும் பேர்லினின் போக்குவரத்துப் பொறுப்பு. பதினைந்து வருடத்துக்கு முன் விட்ட அதே கதிரை. 1947 யூன் 24 மேயராகத் தெரிவானார். சோவியத் தரப்பு ஏற்கவில்லை. பழைய கம்யூனிஸ்ட் தங்களைவிட்டுப் போனவர் என்பது ஒருபக்கம், துருக்கியில் இருந்த ஆண்டுகளும் அவருக்கு எதிராக இழுக்கப்பட்டன. லூயீஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணி அவருக்குப் பதிலாக நகரத்தை நடத்தினார். சரியாக ஒரு வருடம் கழித்து, 1948 யூன் 24, சோவியத் தரப்பு மேற்கு பேர்லினை முற்றுகையிட்டது. செப்டெம்பர் 9இல் எரிந்துபோன ரைஷ்ஸ்டாக் முன்னால் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடிய கூட்டத்தில் உலக மக்களைப் பார்த்து, இந்த நகரத்தைப் பாருங்கள் என்று பேசினார். டிசம்பரில் மேற்குப் பகுதியின் மேயர். 1953 செப்டெம்பர் 29 இறந்தார். இரண்டு நாளில் சதுக்கத்துக்குப் பெயர் மாறியது. செலண்டோர்ஃப் காட்டு மயானத்தில் கல்லறை; பிராண்டும் 1992இல் அங்கேதான் வந்துசேர்ந்தார்.

எங்கள் பிள்ளை ஒருத்தி தன் பத்துப் பக்கத்தைக் கொண்டுவந்தாள். நன்றாக எழுதியிருந்தாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் "1946இல் ஊர் திரும்பினார்" என்று இருந்தது. எந்த ஊர் என்று கேட்டேன். பிறந்த அப்பன்ராட டென்மார்க்கில். மேயராக இருந்த மாக்டபுர்க் சோவியத் பகுதியில். பேர்லின் நாலு துண்டு. மகன் வளர்ந்த ஊர் அங்காரா. அவள் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் வெட்டி, "பேர்லினுக்கு வந்தார்" என்று மேலே எழுதினாள்.